வாள் வரைந்த ஓவியர்

அவர் ஓர் ஓவியர். தூரிகை பிடித்துப் பழகிய கை. ஆனாலும் அவர் வரைந்து கொடுத்த வாளை 3 ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறுவர்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு அணிவகுத்து நின்றார்கள்!

பழைய ரோமாபுரி வீரர்களின் வாளைப் பார்த்து அவர் வரைந்த வாள் அது. கல்லில் செதுக்கிய சிலைகளில் உறங்கிக் கிடந்த வாளை அவர் எழுப்பிவிட்டார். எழுந்த வாள் அவரையும் சும்மா விடவில்லை.

அவர் பெயர் ஜாக் லூயி டேவிட். பிரான்ஸ் தேசத்தின் புகழ் பெற்ற ஓவியர். அரசருக்குப் படம் வரைந்தார். பிறகு அதே அரசரின் தலையை வாங்க ஓட்டுப் போட்டார். சிறைக்குப் போனார். நெப்போலியனின் ஓவியராக உயர்ந்தார். முடிவில் நாட்டை இழந்து அயல் மண்ணில் கண் மூடினார்.

தந்தை மரணம்

1748-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி பாரீஸ் நகரில் டேவிட் பிறந்தார். தந்தை வியாபாரி. வசதியான குடும்பம்.

அந்தக் காலத்தில் பிரான்சில் ஒரு கெட்ட வழக்கம் இருந்தது. இருவருக்குள் மானப் பிரச்சினை வந்துவிட்டால், ஆயுதம் ஏந்தி எதிரெதிரே நின்று தீர்த்துக்கொள்வார்கள். 1757-ம் ஆண்டு டிசம்பரில் டேவிட்டின் தந்தை அப்படி ஒரு சண்டைக்குப் போனார். கைத்துப்பாக்கியால் நடந்த அந்தச் சண்டையில் உயிரை விட்டார்.

அப்போது சிறுவன் டேவிட்டுக்கு 9 வயது.

தாயின் உறவினர்கள் அவனை வளர்த்தார்கள். அவர்கள் கட்டிடக் கலைஞர்கள். பையனையும் அந்தத் தொழிலில் பழக்க நினைத்தார்கள். அவனுக்கோ படம் வரைவதில்தான் ஆசை. பள்ளிக்கூட நோட்டுகளை எல்லாம் படங்களால் நிரப்பினான்.

வாலிப வயதில் கத்திச் சண்டை பழகும்போது அவர் இடது கன்னத்தில் வெட்டு விழுந்தது. காயம் ஆறியது. ஆனால் அந்த இடத்தில் ஒரு கட்டி வளர்ந்தது. முகம் கோணலாயிற்று. பேச்சும் குழறியது. வாழ்நாள் முழுவதும் அந்தக் குறை நீங்கவில்லை.

தந்தையைப் பறித்ததும் ஆயுதம். தன் முகத்தைக் கெடுத்ததும் ஆயுதம். அந்த ஆயுதங்களை வரைந்துதான் அவர் உலகப் புகழ் பெறப்போகிறார்!

பட்டினி கிடந்தார்

அந்நாளில் பிரான்சில் பூஷே என்ற ஓவியர் பெரும் புகழோடு விளங்கினார். டேவிட்டுக்குத் தூரத்து உறவு. பூஷேயின் படங்களில் ரோஜா மலரும், பட்டுத் துணியும், கொழுகொழு குழந்தைகளும் நிறைந்திருக்கும். அவர் டேவிட்டை வியேன் என்ற ஓவியரிடம் சேர்த்துவிட்டார். வியேன் பழைய கிரேக்க, ரோமானியக் கலையில் பற்றுக் கொண்டவர்.

பாரீஸ் கலைக் கழகம் ஆண்டுதோறும் ஒரு போட்டி நடத்தியது. முதல் பரிசு பெறுகிறவரை அரசாங்கச் செலவில் ரோம் நகருக்குப் படிக்க அனுப்புவார்கள்.

1771-ம் ஆண்டு டேவிட்டுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. போர்க் கடவுளான மார்சும், அறிவுத் தெய்வமான மினர்வாவும் சண்டையிடும் காட்சியை அவர் வரைந்திருந்தார். மார்ஸ் தோற்று வீழ்ந்து கிடப்பதுதான் படம். அடுத்த ஆண்டு மீண்டும் தோல்வி. டேவிட் மனம் உடைந்தார். அறைக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டார். பட்டினி கிடந்து செத்துவிட முடிவு செய்தார். இரண்டு நாட்களுக்கு மேல் எதுவும் சாப்பிடவில்லை. தெரிந்தவர்கள் வந்து கெஞ்சி, கதவைத் திறக்க வைத்தார்கள்.

1773-ம் ஆண்டும் தோல்வி. அவர் விடவில்லை. 1774-ம் ஆண்டு முதல் பரிசு அவருக்கே கிடைத்தது. அப்போது வயது 26.

கல் பேசியது

1775-ம் ஆண்டு அவர் ரோமுக்குப் புறப்பட்டார். பழைய காலத்துக் கலையில் உயிர் இல்லை, அது தன்னை மயக்க முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். ரோமில் கால் வைத்ததும் அந்தப் பேச்சு காற்றோடு போயிற்று.

அங்கே டிராஜன் என்ற சக்கரவர்த்தியின் வெற்றித் தூண் நிற்கிறது. கி.பி. 113-ம் ஆண்டில் எழுப்பியது. தூண் மட்டும் சுமார் 100 அடி உயரம். மரத்தில் கொடி சுற்றியதைப் போல, அடியிலிருந்து உச்சி வரை போர்க் காட்சிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். 2,500-க்கு மேற்பட்ட உருவங்கள்! வீரர்கள், குதிரைகள், கேடயங்கள், குட்டை வாள்கள், தலைக்கவசங்கள்.

டேவிட் நோட்டும் பென்சிலுமாக அலைந்தார். தூண், சிலை, கல்லறை, பானை ஓவியம் எதையும் விடவில்லை. செருப்பின் வார், கேடயத்தின் விளிம்பு, வாளின் பிடி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வரைந்தார்.

1779-ம் ஆண்டு பாம்பி நகரின் இடிபாடுகளைப் பார்த்தார். கி.பி. 79-ம் ஆண்டு எரிமலை வெடித்தபோது சாம்பலில் புதைந்த ஊர் அது. டேவிட் பிறந்த அதே 1748-ம் ஆண்டில்தான் அதைத் தோண்டத் தொடங்கியிருந்தார்கள். மண்ணுக்குள் இருந்த பழைய உலகம் அவர் கண் முன்னே வெளிவந்துகொண்டிருந்தது.

1780-ம் ஆண்டு பாரீஸ் திரும்பியபோது அவரிடம் ஏராளமான படங்கள் சேர்ந்திருந்தன. அந்தப் படங்கள்தான் அவருடைய ஆயுதக் கிடங்கு! பிற்காலத்தில் எந்தக் கதையை வரைந்தாலும், அதிலிருந்து ஒரு கவசம், இதிலிருந்து ஒரு கேடயம் என்று எடுத்துச் சேர்த்துக்கொண்டார்.

மூன்று வாள்கள்

1782-ம் ஆண்டு அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் சார்லட்டுக்கு 17 வயது. அரசாங்கக் கட்டிட வேலைகளைச் செய்யும் காண்டிராக்டரின் மகள். இரண்டு ஆண், இரண்டு பெண், ஆக நான்கு குழந்தைகள் பிறந்தார்கள்.

அரசாங்கம் டேவிட்டிடம் ஒரு பெரிய படம் கேட்டது. ரோமாபுரிக் கதையை ரோமில் இருந்துதான் வரைய வேண்டும் என்றார் அவர். மாமனார் பண உதவி செய்தார். 1784-ம் ஆண்டு மனைவியுடன் ரோமுக்குப் போனார்.

அவர் எடுத்துக்கொண்ட கதை இது:

ரோமுக்கும் ஆல்பா நகருக்கும் போர். படைகள் மோதினால் பெரும் சேதம். ஆகவே இரு பக்கமும் மூன்று சகோதரர்கள் சண்டையிட்டு வெற்றியை முடிவு செய்வது என்று பேசினார்கள். ரோம் தரப்பில் ஹொரேஷியர் சகோதரர்கள் மூவர். ஆல்பா தரப்பில் கியூரேஷியர் சகோதரர்கள் மூவர். ஆனால் இரண்டு குடும்பமும் சம்பந்திகள்! கியூரேஷியர் வீட்டுப் பெண், ஹொரேஷியர் வீட்டு மருமகள். ஹொரேஷியர் வீட்டுப் பெண் கமிலாவோ, கியூரேஷியர் ஒருவருக்கு நிச்சயிக்கப்பட்டவள்.

டேவிட்டின் படத்தில் தந்தை மூன்று வாள்களை உயர்த்திப் பிடித்திருக்கிறார். மூன்று மகன்களும் அவற்றை நோக்கிக் கை நீட்டிச் சபதம் செய்கிறார்கள். ஒரு மூலையில் பெண்கள் சோர்ந்து சாய்ந்திருக்கிறார்கள். யார் ஜெயித்தாலும் அவர்களுக்கு இழவுதான்.

இந்தச் சபதக் காட்சி பழைய சரித்திர நூலில் கிடையாது. அது டேவிட்டின் சொந்தக் கற்பனை. கதை நடந்ததாகச் சொல்லும் காலமோ கி.மு. 7-ம் நூற்றாண்டு. அந்தக் காலத்து வாளை டேவிட் கண்டதில்லை. பல நூறு ஆண்டு பிந்திய சிலைகளில் பார்த்த வாளையும் கவசத்தையும் வைத்து, தாமே ஓர் உலகத்தை உண்டாக்கினார். பார்த்தவர்கள் அதையே உண்மையான ரோமாபுரி என்று நம்பினார்கள்.

படம் சுமார் 11 அடி உயரம், 14 அடி அகலம். அரசாங்கம் சொன்ன அளவை விடப் பெரியது. 1785-ம் ஆண்டு ரோமில் அவருடைய ஓவியக் கூடத்தில் அதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. பாரீசிலும் அப்படியே. பூஷேயின் ரோஜா மலர்களை ஜனங்கள் மறந்தார்கள். எங்கும் வாள் பேச்சு!

கதையின் முடிவையும் டேவிட் 1781-ம் ஆண்டிலேயே வரைந்து பார்த்திருந்தார். சண்டையில் ஒரு ஹொரேஷியன் மட்டும் பிழைத்து வருகிறான். மாண்டுபோன காதலனுக்காகக் கமிலா அழுகிறாள். அண்ணன் அதே வாளால் தங்கையைக் கொன்றுவிடுகிறான். அந்தக் காட்சியைப் பெரிய படமாக்காமல் டேவிட் விட்டுவிட்டார். சபதத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

வீதிக்கு வந்த ரோமாபுரி

1787-ம் ஆண்டு, நஞ்சுக் கோப்பையை வாங்கும் கிரேக்க ஞானி சாக்ரட்டீஸை வரைந்தார். 1789-ம் ஆண்டு புரூட்டஸை வரைந்தார். நாட்டுக்குத் துரோகம் செய்த தன் பிள்ளைகளுக்கே மரண தண்டனை விதித்த ரோமானியர் இவர்.

அதே ஆண்டு ஜூலை 14-ந் தேதி பாரீஸ் ஜனங்கள் பாஸ்டில் சிறையைத் தாக்கிப் பிடித்தார்கள். புரட்சி வெடித்தது.

டேவிட்டின் பழைய உலகம் படத்திலிருந்து இறங்கி வீதிக்கு வந்தது. அவருடைய நண்பர் டால்மா பெயர் பெற்ற நடிகர். அதுவரை ரோமானியராக நடிப்பவர்கள் பட்டு உடையும் பொய்முடியும் அணிந்து மேடைக்கு வருவார்கள். டால்மா, சிலைகளில் இருப்பதைப் போல வெறுங்கையும் வெறுங்காலுமாக, மேலாடையைப் போர்த்திக்கொண்டு வந்தார். சபையோர் திகைத்தார்கள். பிறகு அதுவே நாகரிகமாயிற்று. டேவிட் வரைந்து கொடுத்த பழைய மாதிரி நாற்காலிகளை ஜாக்கோப் என்ற தச்சர் செய்தார்.

1792-ம் ஆண்டு டேவிட் தேசிய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். புரட்சித் தலைவர் ரோபஸ்பியரின் நெருங்கிய நண்பரானார். 1793-ம் ஆண்டு ஜனவரியில் அரசர் பதினாறாம் லூயிக்கு மரண தண்டனை கொடுக்க வேண்டும் என்று ஓட்டுப் போட்டார்.

சார்லட் அரச குடும்பத்தின் மீது பற்றுள்ளவர். கணவனின் செயலை அவரால் பொறுக்க முடியவில்லை. பிரிந்து போனார். 1794-ம் ஆண்டு விவாகரத்தும் ஆகிவிட்டது.

ஹொரேஷியர் படத்தில் மூலையில் சாய்ந்திருந்த பெண்களின் துயரம் இப்போது டேவிட்டின் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

சிறுவர் கையில் வாள்

1793-ம் ஆண்டு செப்டம்பரில் அவர் போலீஸ் அதிகாரம் கொண்ட பாதுகாப்புக் குழுவில் உறுப்பினரானார். ஆட்களைக் கைது செய்யும் உத்தரவுகளில் கையெழுத்துப் போட்டார். படத்தில் கையெழுத்துப் போட்ட அதே கை!

நாடெங்கும் தலைகள் உருண்டன. தீர்ப்புச் சொல்லிக் கொல்லப்பட்டவர்கள் மட்டும் சுமார் 17 ஆயிரம் பேர். வண்டியில் கொலைக்களத்துக்குப் போன அரசி மேரி அன்டாய்னெட்டை டேவிட் ஒரு தாளில் சில கோடுகளில் வரைந்தார். விஞ்ஞானி லவாய்சியரையும் மனைவியையும் 1788-ம் ஆண்டு அவர் அழகிய படமாக வரைந்திருந்தார். 1794-ம் ஆண்டு மே 8-ந் தேதி அந்த விஞ்ஞானியின் தலையும் உருண்டது.

அந்த மாதம், புதிய பிரான்சுக்கு ஏற்ற உடைகளை வரையும்படி அரசாங்கம் டேவிட்டைக் கேட்டது. ஜூன் மாதம் பாரீஸ் அருகே மார்ஸ் பள்ளி என்ற போர்ப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்கள். நாடு முழுவதிலுமிருந்து 16, 17 வயதுப் பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். மைதானத்தில் கூடாரம் அடித்துத் தங்க வைத்தார்கள். ரோமானியப் படையைப் போலப் பத்துப் பேர், நூறு பேர், ஆயிரம் பேர் என்று பிரித்தார்கள்.

அவர்களுக்கு உடையும் வாளும் வரைந்து கொடுத்தவர் டேவிட். குட்டையான, அகலமான அலகு. பித்தளைப் பிடி. பழைய ரோமானிய வாளின் சாயல். பார்ப்பதற்கு நாடக மேடைக் கத்தியைப் போல அழகாக இருக்கும். ஆனால் அது அட்டைக் கத்தி அல்ல. எஃகு வாள்.

மூன்று சகோதரர்கள் படத்தில் வாங்கிய வாளை இப்போது 3 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் நேரில் வாங்கிக்கொண்டார்கள்.

வியர்வை சொட்டியது

ஜூலை மாதம் காற்று திசை மாறியது. ரோபஸ்பியருக்கு ஆபத்து நெருங்கியது. அவர் நஞ்சு குடிக்க நேர்ந்தால் தாமும் உடன் குடிப்பதாக டேவிட் கூட்டத்தில் வாக்குக் கொடுத்தார். சாக்ரட்டீஸை வரைந்தவர் அல்லவா?

மறு நாள் ரோபஸ்பியரைக் கைது செய்தார்கள். அன்று டேவிட் சபைக்கு வரவில்லை. உடல் நலமில்லை என்று வீட்டில் இருந்துவிட்டார். அதற்கு அடுத்த நாள் ரோபஸ்பியரின் தலை விழுந்தது. டேவிட்டின் தலை தப்பியது.

சில நாட்களில் அவரையும் சபையில் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். கன்னக் கட்டியால் குழறும் வாய், பயத்தில் மேலும் குழறியது. வியர்வை உடையை நனைத்துத் தரையில் சொட்டியது. ஆகஸ்டு 2-ந் தேதி சிறைக்கு அனுப்பினார்கள்.

மார்ஸ் பள்ளியையும் அக்டோபரில் மூடிவிட்டார்கள். பிள்ளைகள் போர் முனையைக் காணாமலே ஊர் திரும்பினார்கள்.

சிறையில் டேவிட் கண்ணாடியைப் பார்த்துத் தம் முகத்தைத் தாமே வரைந்தார். கலைந்த தலை. வெறித்த கண். கோணிய கன்னம். அந்தப் படத்தில் வாளும் இல்லை, கவசமும் இல்லை.

அப்போது ஒருவர் அவரைத் தேடிச் சிறைக்கு வந்தார். விவாகரத்துச் செய்துவிட்டுப் போன சார்லட்! கணவனை விடுதலை செய்யும்படி அவர் அதிகாரிகளிடம் மன்றாடினார். டிசம்பரில் டேவிட் வெளியே வந்தார். மறு ஆண்டு மீண்டும் சில மாதம் காவல். பிறகு பொது மன்னிப்புக் கிடைத்தது. 1796-ம் ஆண்டு டேவிட்டும் சார்லட்டும் இரண்டாம் முறையாகத் திருமணம் செய்துகொண்டார்கள்.

நடுவே வந்த பெண்

சிறையில் இருந்தபோது ஒரு புதிய படம் அவர் மனத்தில் உருவானது. இதுவும் ரோமாபுரிக் கதைதான்.

ரோமானியர்கள் சபைன் இனத்துப் பெண்களைத் தூக்கிக்கொண்டு போய் மணந்தார்கள். சில ஆண்டுகள் கழித்துச் சபைன் ஆண்கள் படையெடுத்து வந்தார்கள். ஒரு பக்கம் தந்தை, அண்ணன். மறு பக்கம் கணவன். பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இரு படைகளுக்கும் நடுவே ஓடி வந்து நின்றார்கள்.

1799-ம் ஆண்டு படம் முடிந்தது. இதிலும் பழைய சிலைகளிலிருந்து எடுத்த ஆயுதங்கள் நிறைந்திருக்கின்றன. ரோமுலஸின் வட்டக் கேடயத்தில் ஓநாய் இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கிறது. அவன் கையில் ஈட்டி ஓங்கியபடி நிற்கிறது. ஆனால் எறியவில்லை. வெள்ளை உடையில் அவன் மனைவி ஹெர்சீலியா இரு கைகளையும் விரித்து நடுவில் நிற்கிறாள். ஓர் ஓரத்தில் குதிரை வீரன் ஒருவன் வாளை உறையில் போடுகிறான்.

ஹொரேஷியர் படத்தில் பெண்கள் மூலையில் அழுதார்கள். இந்தப் படத்தில் பெண் நடுவில் நிற்கிறாள். இடையே கழிந்தவை 14 ஆண்டுகள்.

ஆளுக்கு 1 பிராங்க் 80 சென்டிம் கட்டணம் வைத்து டேவிட் படத்தைக் காட்டினார். பல ஆண்டுகள் கூட்டம் வந்தது. வந்த பணத்தில் நிலம் வாங்கினார்.

நெப்போலியன் காலம்

மீண்டும் வாளின் காலம் வந்தது. நெப்போலியன் கோவேறு கழுதையில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்தார். டேவிட்டின் படத்திலோ அவர் முன்னங்கால் தூக்கிய குதிரை மேல் அமர்ந்திருக்கிறார்! 1804-ம் ஆண்டு டேவிட் சக்கரவர்த்தியின் தலைமை ஓவியரானார். முடிசூட்டு விழாவைச் சுமார் 20 அடி உயரம், 32 அடி அகலத்தில் வரைந்தார். ரோமானியப் படையின் கழுகுச் சின்னத்தையே நெப்போலியனும் தம் படைகளுக்குக் கொடுத்தார். அந்த விழாவும் டேவிட்டின் படமாயிற்று.

1815-ம் ஆண்டு வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றார். பழைய அரச பரம்பரை திரும்பி வந்தது. அரசரைக் கொல்ல ஓட்டுப் போட்டு, நெப்போலியனையும் ஆதரித்தவர்கள் நாட்டில் இருக்கக் கூடாது என்று 1816-ம் ஆண்டு சட்டம் வந்தது. டேவிட் பிரசல்ஸ் நகருக்குப் போய்க் குடியேறினார். சார்லட்டும் உடன் சென்றார்.

கடைசிப் படம்

பிரசல்ஸில் 70 வயதைத் தாண்டிய டேவிட் ஒரு பெரிய படத்தைத் தொடங்கினார். இதுதான் கடைசி என்று அவருக்குத் தெரியும். 1824-ம் ஆண்டு அதை முடித்தார்.

அதில் போர்க் கடவுளான மார்ஸ் மேகத்தின் மீது சாய்ந்திருக்கிறான். காதல் தெய்வமான வீனஸ் அவன் தலையில் மலர் வளையம் சூட்டப் போகிறாள். சிறுவனான மன்மதன் அவன் செருப்பு வாரை அவிழ்க்கிறான். தேவமங்கையர் அவனுடைய ஆயுதங்களை வாங்கிக்கொள்கிறார்கள்.

டிராஜன் தூணின் அடியில் நின்று வாளும் கவசமும் வரையத் தொடங்கிய வாலிபர், கிழவரான பிறகு அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டார்.

1825-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி டேவிட் இறந்தார். உடலைப் பிரான்சில் அடக்கம் செய்ய அரசாங்கம் அனுமதிக்கவில்லை. பிரசல்ஸ் மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள்.

அவருடைய இதயம் மட்டும் பாரீஸ் போய்ச் சேர்ந்தது. பேர் லாசேஸ் இடுகாட்டில், 1826-ம் ஆண்டு மறைந்த சார்லட்டின் பக்கத்தில் அது இருக்கிறது.